பலூன் கடைக்காரன் பூட்டிய ஸ்கோப்

அந்தத் தை மாதம் நான் வேலை பார்த்த போர்வெல் வண்டியின் கம்ப்ரஸர் படுத்துவிட்டது. சரிசெய்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார் முதலாளி. கூப்பிடும்வரை சோற்றுக்கும் படுக்கைக்கும் ஓரிடம் வேண்டும். இப்படிப்பட்ட நேரங்களில் நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறிவிடுவது வழக்கம். அண்ணாமலை நகரில் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் போய் நின்றால் ஏன் வந்தாய் என்று அவள் கேட்பதில்லை. எப்போது போவாய் என்று அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, கேட்பார். அதுவும் சிரித்துக்கொண்டுதான்.

இந்தமுறை அவர் கேட்டது வேறு.

"வா மச்சான். ஒனக்குத் துப்பாக்கி பத்தித் தெரியும்ல?"

"தெரியும். யார சுடணும்?"

"ஒங்கக்காவக் கேளு. அவ வாங்கி வச்சிருக்கறதப் பாத்தா என்னத்தான்னு நெனைக்கிறேன்."

உள்ளே, சாப்பாட்டு மேசைமேல், பழைய போர்வையில் சுற்றி ஒரு காற்றுத் துப்பாக்கி கிடந்தது. லைசென்ஸ் தேவைப்படாத ரகம். கைப்பம்பால் காற்றடைத்துச் சுட வேண்டும். பக்கத்தில், கூரியரில் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு ஸ்கோப், அதைத் துப்பாக்கியின் முதுகில் பூட்ட இரண்டு வளையங்கள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ.

அக்கா சுடுவாள் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலேஜில் என்.சி.சி.யில் ஆரம்பித்தது. கல்யாணத்தில் நின்றது. பிள்ளைகள் வளர்ந்தபின் கடலூரில் ஒரு துப்பாக்கி கிளப்பில் சேர்ந்து மறுபடியும் பிடித்துக்கொண்டாள். நன்றாகவே சுட்டாள். நாற்பத்தைந்தைத் தொடும்போது கண் அவளை விட்டுவிட்டது. சாதாரணத் துப்பாக்கியில் குறிபார்க்க வேண்டுமென்றால் முகத்தருகே இருக்கும் துவாரம், குழல் முனையில் நிற்கும் முள், தூரத்தில் இருக்கும் கரும்புள்ளி, மூன்றையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அவளுக்கு முள் கலங்கிவிட்டது. அதன்பிறகு போட்டிகளில் தேறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போவதை நிறுத்தவுமில்லை. மற்றவர்கள் சுடுவார்கள், இவள் இலக்குத் தாளை மாற்றுவாள், ஓட்டை பார்த்து மார்க் போடுவாள். மாநிலப் போட்டிக்குக் கிளப் ஆட்கள் போனபோது கூடவே போனாள். அங்கேயும் தாள் மாற்றத்தான்.

இப்போது ஸ்கோப் வைத்துச் சுடும் பிரிவென்று ஒன்றைக் கிளப்பில் ஆரம்பித்திருந்தார்கள். ஸ்கோப்புக்குள் குறுக்குக் கோடும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். முள் பார்க்கும் தொல்லை கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு. முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

"இந்த வருசம் விட்டா அடுத்த வருசம் போயேன்," என்றேன்.

ஸ்பைரல் பைண்டிங்குக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "சக்கர கண்ணுக்கு ஏறிட்ச்சி. இனிமே கொறையத்தான் செய்யும்னுட்டாரு டாக்டரு. அடுத்த வருசம் ஸ்கோப்பு வச்சாலும் தெரியுமோ என்னமோ. ஒரே ஒரு தடவ சுடுறவளா போயிட்டு வந்துடணும்டா."

கடலூரிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, ஸ்கோப் பூட்டித்தர ஆள் கிடையாது. மாமா டூவீலர் மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்றார். நான் பூட்டுகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருந்தது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியபின் மூன்று வருடம் பலூன் சுடும் கடையில் இருந்தேன். கடலூர் சில்வர் பீச், சிதம்பரம் தேர், மாதா கோயில் திருவிழா என்று பலகையைத் தூக்கிக்கொண்டு அலைவோம். இரவில் பலகைக்கு அடியில் பிளாஸ்டிக் தாளை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூக்கம். மழை பெய்தால் யாவாரம் இல்லை, யாவாரம் இல்லையென்றால் டீ மட்டும்தான். மற்றபடி நல்ல வேலை. துப்பாக்கியைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, எண்ணெய் விட்டுப் பூட்டுவதெல்லாம் அங்கே பழகியதுதான்.

பலூன் கடையின் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. முதலாளி துப்பாக்கி வாங்கி வந்ததும் முதல் வேலையாகக் கொறட்டால் குழல் முனை முள்ளைக் கொஞ்சம் வலதுபக்கம் வளைத்துவிடுவார். வருகிறவன் முள்ளை நம்பிக் குறிபார்ப்பான். ரவை இடதுபக்கம் போய்ப் பலகையில் ஒட்டும். அவனுக்கு ரோஷம் வந்து இன்னொரு சுற்றுச் சுடுவான். துப்பாக்கி கோணல் என்று எவனாவது சத்தம் போட்டால் நான் வாங்கி டப், டப்பென்று நாலு பலூனை உடைத்துக்காட்ட வேண்டும். வளைந்த முள் நேராக நிற்கிற அளவுக்குத் துப்பாக்கியையே இடதுபக்கம் சாய்த்துப் பிடித்தால் உடையும். சாய்ப்பது வெளியே தெரியக் கூடாது. தோளும் கன்னமும் சேர்ந்து செய்கிற வேலை அது. பழகப் பழக, சாய்க்கிறோம் என்பதே மறந்துபோகும்.

மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன். துப்பாக்கி முதுகில் நீளவாக்கில் இரண்டு காடி வெட்டியிருந்தது. அதைத் துணியால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தேன். வளையங்களின் அடிப்பாகத்தைக் காடியில் கோத்து அலன்கீயால் இறுக்கினேன். போர்வெல் வண்டியில் படித்த பாடம், ஸ்க்ரூவை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வளையத்துக்குள் ஸ்கோப்பைப் படுக்கவைத்து மேல்மூடியை லேசாகப் போட்டேன். இனிமேல் இரண்டு வேலை. ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்திக் கண்ணுக்குச் சரியான தூரத்தில் வைப்பது ஒன்று. உள்ளே இருக்கும் கோடு செங்குத்தாக நிற்கிறவரைக்கும் ஸ்கோப்பைத் திருப்பி வைப்பது இன்னொன்று.

சுடப்போகிறவள் தோளில் வைத்துத்தான் இரண்டையும் பார்க்க வேண்டும். முதல் வேலைக்கு அக்கா வந்தாள். கண்ணை மூடிக் கன்னம் வைத்து, திறந்து, கறுப்பு வளையம் இல்லாமல் முழுவட்டம் தெரிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அதற்குள் கடையில் கூட்டம். தீசிஸ் பைண்டிங் சீசன். கடைசி நாளில் கட்டுக்கட்டாகத் தாளைக் கொண்டுவந்து நின்றுகொண்டு, மத்தியானத்துக்குள் வேண்டும் என்று ஆராய்ச்சி மாணவர்கள் கெஞ்சுகிற காலம்.

"நீ பாத்து வையி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமாதான் யோசனை சொன்னார். பக்கத்து மனையில் காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டை வாங்கிவந்து கொல்லைக் கதவின் மேல்கட்டையில் கட்டித் தொங்கவிட்டார். நான் ஹாலின் இந்தக் கோடியில் உட்கார்ந்து துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். ஸ்கோப் வழியே நூல் தெரிந்தது. கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. ஸ்கோப்பை மெல்லத் திருப்பினேன். கோடு நூலோடு படிந்தது. இழை பிசகவில்லை.

"எப்புடி?" என்றார் மாமா.

"கொத்தனாரு தோத்தான்."

மூடிகளை இறுக்கினேன். தூக்குக்குண்டு சரி, நூல் சரி, கோடு சரி. சரியில்லாதது ஒன்றே ஒன்று. துப்பாக்கி என் தோளில் இருந்தது.

குறி ஒத்துப் பார்க்க இடம் வேண்டுமே. மாமாவோடு படித்த லால்பேட்டை பாய் ஒருவர் காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் போனோம். நெல் உலர்த்தும் சிமெண்டுக் களம் நீளமானது, ஐம்பது மீட்டருக்கு மேல் தேறும். ஆனால் சம்பா அறுவடை நேரம். தூரத்துப் பாதியில் அவித்த நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கி வெயிலு ஜாஸ்தி, இத உட்டா நெல்லு காயாது," என்றார் பாய். "பாதிக் களம் ஒங்களுக்கு. அந்தப் பக்கம் சுட்டீங்கன்னா அப்பறம் ரவையையும் சேத்துல்ல அரைக்கணும் நானு."

ஆக, இருபது மீட்டர்தான். பாய் காட்டிய பக்கவாட்டுச் சுவரில் மண்மூட்டைகளை அடுக்கி, அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி. அதில் மாமா பேனாவால் போட்ட கரும்புள்ளி. இந்தப் பக்கம் நெல்மூட்டை மேல் துப்பாக்கி. நான் சுட்டு, ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் இருக்கும் திருகுகளைத் திருப்பி, சுட்டு, திருப்பிப் புள்ளிக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் ரவைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகப் பெரிதானது. அக்கா சுட்டாள். அவளுக்கும் அதே ஓட்டைதான். பாய்கூட ஒருமுறை சுட்டு, அட்டைப்பெட்டியைத் தொட்டதற்கே சந்தோஷப்பட்டார்.

தூரம் கூடக்கூட ரவை கீழே இறங்கும். அதற்குத் தகுந்தபடி மேல்திருகை எத்தனை 'டிக்' சொடுக்கு ஏற்ற வேண்டும் என்று அக்கா கிளப்பிலேயே கேட்டு வைத்திருந்தாள். அதனால் தூரத்தில் சுட்டுப் பார்க்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அக்கா மட்டும் ஒன்று சொன்னாள். "கோடு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்குடா."

"புதுக் கண்ணாடி போட்டிருக்கல்ல, அதான். பழகிடும்."

"எனக்கும் அவ சாஞ்சாப்லதான் தெரியிறா," என்றார் மாமா. "கல்யாணத்துலேந்தே."

அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் பஸ்ஸில் துப்பாக்கிப் பையை மடியில் படுக்கவைத்து உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னாய்யா இது, வீணையா?"

"காத்துத் துப்பாக்கிங்க. போட்டிக்குப் போறோம்."

"யாரு சுடுறது?"

நான் அக்காவைக் காட்டினேன். அவர் அவளையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். "கூட வர்றாரே, தைரியம்தான்," என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

கிளப்பின் சுடுகளம் ஓல்ட் டவுனைத் தாண்டி ஒரு சவுக்குத்தோப்பை ஒட்டி இருந்தது. வடக்கே பார்த்துச் சுட வேண்டும். கோடியில் மண்மேடு. வலதுபக்கம் தோப்பு, தோப்புக்கு அப்பால் கடல். காற்று பார்க்க அங்கங்கே குச்சி நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். சுடுகிறவர்களுக்கு மேசை, நாற்காலி, துப்பாக்கியைத் தாங்க மணல் பை. என் நெல்மூட்டை போலக் கொழகொழவென்று இல்லை, மேற்புறம் தட்டையாக, கெட்டியாக இருந்தது. துப்பாக்கியின் அடிப்பாகமும் தட்டை. வைத்தால் ஆடாமல் உட்கார்ந்துகொள்ளும்.

கிளப் செயலாளர் பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். காலைப் பூசை முடிந்து நேராகச் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அக்காவைப் பார்த்ததும், "என்னா மேடம், இன்னிக்கி நீங்க அந்தப் பக்கம் ஒக்காந்துட்டா நாங்கள்ல தாள் மாத்தணும்?" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னார். அக்கா சிரித்துவைத்தாள்.

விதி சுலபம். இருபது மீட்டரில் ஐந்து ரவை, முப்பத்தைந்தில் ஐந்து, ஐம்பதில் ஐந்து. குறி ஒத்துப் பார்க்கச் சுடுவது முதல் தூரத்தில் மட்டும்தான். மேல்திருகை மட்டும் தூரத்துக்குத் தக்க மாற்றலாம், பக்கத் திருகைப் பிறகு தொடக் கூடாது. மேசையில் உட்கார்ந்தபின் வெளியாள் பேசக் கூடாது. மாமாவும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

இருபது மீட்டரில் அக்காவின் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். நடுவில் ஒரே ஓட்டை. மாமா என் முதுகில் தட்டினார். "மச்சான், ஒன்ன சும்மா சோறு போட்டு வளக்கலடா நானு."

முப்பத்தைந்து மீட்டர். அக்கா சொடுக்குகளை எண்ணித் திருகை ஏற்றினாள். சுட்டாள். ஐந்து ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில்தான் விழுந்திருந்தன. ஆனால் மொத்தமாக நடுப்புள்ளியிலிருந்து வலதுபக்கம் தள்ளி. ஒரு விரல் அளவு. மார்க் அடிபட்டது.

"காத்து," என்றார் மாமா.

அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். பிறகு ரிப்பனைப் பார்த்தேன். வெயில் ஏறிக் கடல்காற்று ஆரம்பித்திருந்தது. வலதிலிருந்து இடதாக ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. காற்று தள்ளினால் ரவை இடதுபக்கம் போக வேண்டும். இது வலதுபக்கம் போகிறது. ஸ்க்ரூ தளர்ந்துவிட்டதா? இறுக்கியது இந்தக் கைதானே. தளர்ந்திருந்தால் ஓட்டைகள் இப்படிச் சேர்ந்து விழாது. வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். இமையை விரலால் அழுத்திக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கண் அவ்வளவுதான், ஸ்கோப்பும் கைகொடுக்கவில்லை என்று நினைக்கிறாள். கயிற்றைத் தாண்டிப் போய் கண் இல்லைக்கா, என் வேலையில்தான் ஏதோ கோளாறு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. போனால் அவளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஐம்பது மீட்டருக்குத் தாள் மாட்டினார்கள். அங்கே தாளை மாட்டும் சட்டத்தின் இருபுறமும் சவுக்குக் கம்பம் நட்டிருந்தது. நேர்க் கம்பம். விசில் அடித்தாகிவிட்டது, மற்ற மேசைகளில் சுட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா சுடவில்லை. ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி துப்பாக்கியை மட்டும் மெல்ல நகர்த்தினாள். தாளை விட்டுவிட்டு அவள் கம்பத்தைப் பார்க்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தலையைத் தூக்கிக் கயிற்றுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிய சாவி அகப்பட்டாற்போல ஒரு பார்வை.

மடியிலிருந்த கைக்குட்டையை நாலாக மடித்தாள். துப்பாக்கியின் அடியில், வலதுபக்கமாக, மணல் பைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே செருகினாள். துப்பாக்கி இடதுபக்கம் சாய்ந்தது. கன்னத்தை அதோடு சேர்த்துச் சாய்த்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சில்வர் பீச்சில், மாதா கோயில் வாசலில், பலூன் பலகைக்கு முன்னால் நின்ற என் தோளும் கன்னமும் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தன. தூக்குக்குண்டைப் பார்த்து நான் கோட்டை நேராக்கிய அன்று துப்பாக்கி என் தோளில் இடதுபக்கம் சாய்ந்திருந்திருக்கிறது. துப்பாக்கியை நேராக வைத்தால் கோடு வலதுபக்கம் சாயும். சாய்ந்த கோட்டின் வழியாகத் திருகை ஏற்றினால் ரவை நேராக மேலே ஏறாது, சாய்ந்துதான் ஏறும். பக்கத்தில் தெரியாது. தூரம் போகப்போக விலகும்.

"என்னா பண்றா இவ?" என்றார் மாமா.

"என்னய மாதிரியே சுடுறா மாமா."

"வெளங்கிடும்."

அவள் நிதானமாகச் சுட்டாள். ஒவ்வொரு ரவைக்கும் நடுவில் ரிப்பனைப் பார்த்தாள். மற்றவர்கள் முடித்து எழுந்தபிறகும் அவளுக்கு ஒரு ரவை பாக்கி இருந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அவர் ஊதுவதற்குள் கடைசி ரவையும் போனது.

அன்றைக்கு எல்லோரையும் காற்று அலைக்கழித்திருந்தது. ஐம்பது மீட்டரில் மற்றவர்கள் தாளெல்லாம் புள்ளிக் கோலம்போல இறைந்துகிடந்தது. அக்காவுடையதில் நான்கு ரவை நடுப்புள்ளியைத் தொட்டிருந்தது, ஒன்று ஓரத்தில். முப்பத்தைந்தில் விட்ட மார்க் முதல் இடத்துக்கு உதைத்தது. இரண்டாவது இடம் கிடைத்தது.

செயலாளர் கைகொடுத்தார். "ஸ்டேட்டுக்கு இப்ப தாள் மாத்த யாரு மேடம் வருவா?"

"நீங்க வாங்க சார். கஷ்டமில்ல, நான் சொல்லித் தர்றேன்."

அவர் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியபின், "வர்றேன்," என்றார்.

மாமா பட்டாணிப் பொட்டலம் வாங்கப் போனார். அக்கா என்னைக் கூப்பிட்டாள். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"எப்புடிக்கா கண்டுபிடிச்ச?"

"கம்பம் சாஞ்சி இருந்துச்சி. அவங்க நட்ட கம்பமெல்லாம் நேராத்தான் இருக்கும், நானே எத்தினியோ தடவ தாள் மாட்டியிருக்கேன். அப்ப சாஞ்சது யாருன்னு யோசிச்சேன்." பையிலிருந்து அலன்கீயை எடுத்து என் கையில் வைத்தாள். "நேத்து மூட்ட மேல வச்சி நீ சுட்டப்ப பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கழுத்து சுளுக்கிக்கிட்டவன் மாதிரி சுடுற நீ."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் கண்ணாடின்னு சொன்ன. நானும் நம்பிட்டேன்." மண்மேட்டின் பக்கம் திரும்பினாள். "கண்ணு போயிட்ச்சின்னு நெனச்சேன்டா. அந்த அஞ்சி ரவையும் போனப்ப."

வளைய மூடிகளின் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்தேன்.

களம் காலியாகிவிட்டது. கம்பங்கள் மட்டும் எதிரே நின்றன. கைக்குட்டையை உருவிவிட்டுத் துப்பாக்கியை மணல் பைமேல் தட்டையாக வைத்துக் கன்னம் பதித்தாள். நான் மேசைக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு ஸ்கோப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், நானும் எட்டிப் பார்க்கப் போனேன்.

"நீ பாக்காத," என்றாள். "கண்ண மூடு. நான் சொல்றப்ப நிறுத்து."

மூடிக்கொண்டேன். விரலுக்கடியில் குழாய் மெல்லத் திரும்பியது. தோப்பில் காற்றுச் சத்தம். பட்டாணியைக் கொறித்துக்கொண்டே மாமா வருகிற செருப்புச் சத்தம்.

"இன்னும்," என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம். ஒனக்குக் கோணலா தோணுதுல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப சரியாத்தான் போவுது. திருப்பு."